ஒன்பதாவது ஃபாரம்

கடைக்குட்டியின் அலமாரியில் ஒரே நாவல் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று மற்றதைவிடச் சற்றே உயரம். குள்ளமானதை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். உயரமானதன் மேல் ஒருவர் கையும் படக்கூடாது. அவள் மருமகள் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"ரெண்டும் ஒரே கதைதானே அத்தை?"

"ஒரே கதை இல்ல. இதுல நடுவுல தப்பு இருக்கு."

"தப்பான புத்தகத்தையா இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க?"

"சரியான புத்தகத்தை யார் வேணா வெச்சுக்கலாம்டி" என்றாள் கடைக்குட்டி. அறுபது வயது தாண்டிய பிறகும் அவளுக்குக் கடைக்குட்டி என்றுதான் பெயர். அம்மா வைத்த பெயர். அவளைக் கடைசியாகப் பெற்றதோடு சரி, பெயரை மாற்ற அம்மாவுக்கும் நேரமில்லை, மற்றவர்களுக்கும் மனமில்லை.

அந்தத் தப்பு நடந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்த வயது. வீட்டிலேயே பைண்டிங் வேலை. முன்னறையில் அண்ணன், கூடவே வெட்டுகிற மெஷின். பின்னறையில் ஒரு நீள மேசை. மேசையைச் சுற்றி அம்மா, அண்ணி, கடைக்குட்டி. இரண்டு தெரு தள்ளியிருக்கும் அச்சகத்திலிருந்து தள்ளுவண்டியில் அச்சான தாள்கள் வரும். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம். அதற்குத்தான் ஃபாரம் என்று பெயர். அதை மூன்று மடிப்பு மடித்து, மூங்கில் பட்டையால் அழுத்தித் தேய்த்து அடுக்க வேண்டும். ஒன்றாவது ஃபாரம் முழுக்க மடித்து முடிப்பதற்குள் இரண்டாவது வரும். அது முடிவதற்குள் மூன்றாவது. எல்லாம் வந்து சேர்ந்ததும் மேசையைச் சுற்றி நடந்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்கினால் ஒரு புத்தகத்துக்கு உண்டான செட். அப்புறம் தையல், பசை, அட்டை, வெட்டு. நாள் முழுக்க அந்த வீட்டில் மைதாப் பசை வாசனையும் புதுத் தாள் வாசனையும்தான். சோற்றில்கூட லேசாகப் பசை மணக்கிறது என்று அண்ணன் சொல்வான். பசையில்தான் சோறு மணக்கிறது என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள்.

அண்ணி வருவதற்கு முன்பு அந்த மேசையில் பேச்சு என்றால் அக்கம்பக்கத்துப் பேச்சுதான். மடிக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மாவு அரைக்கிறவன் மாவையா பார்த்துக்கொண்டிருப்பான்?

அண்ணியின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். அந்த வீட்டில் புத்தகம் என்று ஒன்று கிடையாது. பொட்டலம் கட்டுகிற காகிதம்தான் உண்டு. பழைய புத்தகங்களைக் கிழித்துத்தான் பொட்டலம் கட்டுவார்கள். அந்தக் காகிதங்களைப் படித்தே வளர்ந்தவள் அண்ணி. தலையும் இருக்காது, வாலும் இருக்காது. நடுவில் ஒரு பக்கம். ஒரு பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், அதோடு மிளகாய் வந்துவிடும். அவள் யாரை எட்டிப் பார்த்தாள் என்று அண்ணிக்குக் கல்யாணமாகிற வரைக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்டவளை முழுப் புத்தகமாக அச்சாகி வந்து இறங்குகிற வீட்டில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? கரும்பு தின்னக் கூலியா என்பது போல ஆகிவிட்டது அவளுக்கு.

வந்த புதிதில் மடித்துக்கொண்டே மனதுக்குள் படித்தாள். முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. சிரிக்க வேண்டிய இடத்தில் அவளையறியாமல் சிரித்தாள்.

"என்னம்மா தானா சிரிக்கிற?" என்றாள் அம்மா.

"அத்தை, இதுல ஒருத்தி, பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட அவளே கேள்வி கேக்கறா."

"என்ன கேட்டாளாம்?"

"உங்க வீட்டுல தண்ணி யாரு எடுப்பாங்கன்னு கேக்கறா."

அம்மா பட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "வாய்விட்டுப் படி."

அன்று பிடித்தது. அண்ணி மேசை ஓரத்தில் உட்கார்ந்து பசை டப்பாவில் தாளைச் சாய்த்து வைத்து வாசிப்பாள். அவள் பங்குத் தாள்களை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு மடிப்பார்கள். இது யாரும் பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக வந்தது. நல்ல கட்டம் வந்தால் முன்னறையில் மெஷின் நின்றுவிடும். "என்னடா, வேலை ஓடலியா?" என்று அம்மா இங்கிருந்து குரல் கொடுப்பாள். "எண்ணெய் போடறேம்மா" என்று அண்ணன் அங்கிருந்து சொல்வான். அந்த மெஷின் அளவுக்கு எண்ணெய் குடித்த மெஷின் உலகத்தில் இருக்காது.

பக்கத்து வீட்டு நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, கையில் ஒரு ரொட்டித் துண்டோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். கூலி கீலி வேண்டாம், கதை கேட்டால் போதும். கட்டுப் போட்டுப் பழகின கை, மடிப்பு சுத்தமாக விழும்.

புதுத் தாள் வந்து இறங்கினால் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான். "இதுல பொம்பளை யாராவது இருக்காங்களா?"

வரிச் சட்டத்தில் இருக்க மாட்டார்கள். எந்திரவியலில் இருக்க மாட்டார்கள். ஒரு பெரிய ராஜாவின் சரித்திரம் வந்தது. பதினெட்டு ஃபாரம். தேடித் தேடிப் பார்த்ததில் ஒரே இடத்தில் 'பட்டத்து அரசியும் உடன் சென்றாள்' என்று இருந்தது.

"எங்கே போனாளாம்?"

"சொல்லல அத்தை."

"திரும்பி வந்தாளா?"

"அதுவும் சொல்லல."

"அட, கூட்டிட்டுப் போனவன் கொண்டுவந்து விட்டானான்னாவது எழுத வேண்டாமா?" என்று அம்மா சரித்திர ஆசிரியரைக் கோபித்துக்கொண்டாள். அந்தப் புத்தகத்தை நால்வரும் பேசாமல் மடித்தார்கள்.

பெண்களைப் பற்றிய புத்தகம் வந்தால் வீடே வேறு. அதிலும் அம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும் ஓயாத சண்டை. நர்ஸம்மாவுக்குச் சரித்திரம், அம்மாவுக்கு நாவல்.

"கதை எழுதறவங்க இஷ்டத்துக்கு எழுதறது பெரியம்மா. சரித்திரத்துல வர்றவ நெஜமாவே இருந்தா. மூச்சு விட்டா. அத நெனச்சாலே எனக்குச் சிலிர்க்குது."

"இருந்தா, சரி. அவளுக்குத் தலை வலிச்சா யாரு தைலம் தேச்சா? ராத்திரி தூக்கம் வராம என்ன நெனச்சுப் புரண்டா? உன் சரித்திரத்துல இருக்கா? கதைலதான் இருக்கு."

"அது கற்பனை."

"தலைவலி கற்பனையா? நீயெல்லாம் ஒரு நர்ஸு!"

அண்ணி இரண்டு பக்கமும் சேர மாட்டாள். அவளுக்கு எல்லாமே வேண்டும். கோட்டையில் இருந்தவளும் வேண்டும், குடிசையில் இருந்தவளும் வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் இருவருக்கும் ஒரே நேரத்தில் விருந்து வந்தது. ஒரு நாவலும் ஒரு சரித்திரமும் சேர்ந்தாற்போல் அச்சாகி வந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே தாள். சரித்திரம், சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாட்டை ஆண்ட ஒரு ராணியுடையது. கணவன் இறந்ததும் கொழுந்தன்மார்கள் நாட்டைக் கேட்கிறார்கள், தரமாட்டேன் என்கிறாள். நாவல், ஒரு பெரிய குடும்பத்தின் மூத்த மருமகளைப் பற்றியது. கொழுந்தன்மார்களை வளர்த்து ஆளாக்கியவள். புருஷன் போனபின் அவர்கள் வீட்டைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். காலையில் ராணியம்மா, சாயங்காலம் மூத்தவள் என்று நேரம் ஒதுக்கி வாசித்தார்கள்.

மூத்தவள் மேல் அம்மாவுக்கு உயிர். "என் மருமக மாதிரியே இருக்கா" என்பாள். "நம்ம வீட்டுல பங்கு போட என்ன இருக்கு, பசை டப்பாதான்" என்று அண்ணி சிரிப்பாள். எட்டாவது ஃபாரத்தில் கதை கொதிநிலைக்கு வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூத்தவளை யார் வைத்துச் சோறு போடுவது என்று பேச்சு. ஆளுக்கு ஒரு சாக்கு. கதவுக்குப் பின்னால் நின்று மூத்தவள் எல்லாவற்றையும் கேட்கிறாள். எட்டாவது ஃபாரத்தின் கடைசி வரி இது: 'அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும்'

அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்பதாவது ஃபாரத்தில்.

ஒன்பதாவது வரவில்லை. அச்சகத்தில் கூரை ஒழுகி, அச்சாகிக் காயப் போட்டிருந்த தாள்கள் நனைந்து போயின. நனைந்தவை இரண்டு புத்தகங்களின் ஒன்பதாவது ஃபாரங்களும். திரும்ப அச்சடிக்க நாளாகும் என்று வண்டிக்காரர் வந்து சொன்னார். பத்தாவது வந்துவிட்டது, பதினொன்றாவதும் வந்துவிட்டது. நடுவில் விட்டுவிட்டு முடிவைத் தெரிந்துகொள்வதில்லை என்று நால்வரும் ஒரு மனதாகத் தீர்மானித்தார்கள். கண் பட்டுவிடக் கூடாதே என்று அந்தத் தாள்களைத் தலைகீழாகத் திருப்பி வைத்து மடித்தார்கள். எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் படிக்க முடியாது அல்லவா? நர்ஸம்மா மட்டும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து அம்மாவிடம் பேச்சு வாங்கினாள்.

வெளியே மழை. உள்ளே ஒரே வாக்குவாதம்.

"அத்தனை பேரும் தலை குனிஞ்சிருப்பாங்க" என்றாள் கடைக்குட்டி.

"அழுதிருப்பாங்க" என்றாள் நர்ஸம்மா.

"அவனுங்களா? அழறதுக்கு உள்ள ஏதாச்சும் ஈரம் இருக்கணும். எழுந்து நிப்பானுங்க பாரு. வளத்தவ வந்து நின்னா ஒடம்பு தானா எழுந்திருக்கும்" என்றாள் அம்மா.

அண்ணி மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. "தெரியல அத்தை" என்றாள்.

கடைசியில் ஒருநாள் கொட்டுகிற மழையில் வண்டி வந்தது. தாமதத்தைச் சரிக்கட்ட, ஒன்பதாவதை மட்டும் அச்சக முதலாளியே தன் ஆட்களை வைத்து மடித்து அனுப்பியிருந்தார். நாவலை உடனே கட்டி அனுப்ப வேண்டும், கடைக்காரர்கள் நெருக்குகிறார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு கட்டு. கட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகள் மழையில் கரைந்து எங்கோ போய்விட்டன. இரண்டிலும் முதல் பக்கத்தின் அடியில் ஒன்பது என்று இருந்தது. இரண்டிலும் பக்க எண் நூற்று இருபத்தொன்பதில் தொடங்கியது. அதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது.

அண்ணி மேலே இருந்த கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தாள். எட்டாவதின் கடைசி வரியிலிருந்து சேர்த்து வாசித்தாள்.

"அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவள் எல்லோரையும் உட்காரச் சொன்னாள். கொழுந்தன்மார்களை ஒருமுறை பார்த்தாள். சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன், கேளுங்கள் என்றாள்."

அம்மா மேசையை ஓங்கித் தட்டினாள். பசை டப்பா குதித்தது. "நான் சொன்னேனா இல்லியா? எழுந்து நின்னானுங்களா இல்லியா?"

நர்ஸம்மா விசிலடித்தாள். கடைக்குட்டிக்கு ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. முன்னறையில் மெஷின் ரொம்ப நேரமாக எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் வாசிம்மா" என்றாள் நர்ஸம்மா.

"போதும், போதும்! வேலை தலைக்கு மேல கெடக்கு. மிச்சத்த மொதல் புத்தகம் ரெடியானதும் எல்லாருமா உக்காந்து நிம்மதியாப் படிக்கலாம். அடுக்குங்க, அடுக்குங்க!" என்றாள் அம்மா. அண்ணி இரண்டாவது கட்டைப் பார்த்தாள். "அத்தை, எதுக்கும் இன்னொண்ணையும் பிரிச்சு ஒரு தடவ..." என்று இழுத்தாள். "அதான் அச்சாப் பொருந்துதேம்மா, இன்னும் என்ன சந்தேகம்?" என்றாள் அம்மா. பொருந்தத்தான் பொருந்தியது. அண்ணியும் சிரித்துவிட்டு அடுக்க ஆரம்பித்தாள்.

அடுக்கினார்கள், தைத்தார்கள், அட்டை போட்டார்கள், அண்ணன் வெட்டினான். முதல் இரண்டு கட்டுப் புத்தகங்கள் கடைகளுக்குப் போயே போய்விட்டன. எல்லோரும் சேர்ந்துதான் படிப்பது என்று பேச்சு. ஆனால் நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிரதியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். மறுநாள் குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு ஓடி வந்தாள்.

"பெரியம்மா, நம்ம மூத்தவ எப்ப குதிரை ஏறினா?"

"எந்தக் குதிரை?"

"கொழுந்தன்மார மெரட்டிட்டு நேரா வெளிய வந்து குதிரை ஏறிட்டா. கோட்டைக்குப் போறா. ஆயிரம் மூட்டை தானியம் உள்ள ஏத்தச் சொல்றா."

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "ஏன், ஏறக்கூடாதா? அவ சாமர்த்தியத்துக்குக் குதிரை என்ன, யானையே ஏறுவா."

அண்ணி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.  ஓடிப்போய் மேசையடியில் கிடந்த இரண்டாவது கட்டைப் பிரித்தாள். பிரித்த முதல் தாளைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்பதாவது மாறிப்போச்சு அத்தை. ராணியம்மாவோடத இதுல வெச்சுத் தெச்சுட்டோம்."

முன்னறையிலிருந்து அண்ணன் வந்தான். கோபப்படத் தெரியாதவன் கோபப்பட்டால் தாங்க முடியாது. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான்.

"அத்தனையும் வேஸ்டு! கடைக்கு வேற போயிடுச்சு! அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வேற வேலை குடுப்பாரா இனிமே? எல்லாம் இந்தக் கதையால வந்தது. இனிமே இந்த வீட்டுல வாசிக்கிற பேச்சே கூடாது. நீ மேசைப் பக்கமே வராத. சமையக்கட்டோட இரு. போதும் நீ பண்ணினது."

"நீங்களும்தான் கேட்டீங்க" என்றாள் அண்ணி மெதுவாக.

"நான் ஒண்ணும் கேக்கல" என்றான் அண்ணன்.

அந்தப் பொய்தான் அண்ணிக்கு உறைத்தது என்று கடைக்குட்டிக்கு அப்போதே தெரிந்தது. திட்டினதைவிட அது பெரிது. அம்மா அவசரப்படுத்தினது அம்மாவுக்குத் தெரியும். அவள் ஏதாவது சொல்வாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அம்மா மூங்கில் பட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். 

அன்று சாயங்காலம் கடைக்குட்டி சமையலறைக்குப் போனாள். அண்ணி உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் அவளுடைய துணிப்பை இருந்தது. பை நிறைந்து, வாய் கட்டியிருந்தது.

"இது என்ன அண்ணி?"

"நாளைக்கு அப்பா வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவீங்க?"

அண்ணி கிழங்கைத் திருப்பினாள்.

"இப்படி ஒரு வீடு இருக்கும்னு நான் நெனச்சுப் பாத்ததில்லடி. நாலு பேரு உக்காந்து, நான் படிக்கிறத ஒரு பொருட்டாக் கேட்டீங்க. அது இல்லேன்னா இங்க நான் வெறும் சமையக்காரிதானே? அதுக்கு எங்கப்பா வீட்டுலயே சமைக்கலாம். அங்க பொட்டலக் காகிதமாவது இருக்கும்."

கடைக்குட்டி வாயில் வந்ததைக் கேட்டாள். "நிஜ ஒன்பதாவதுல என்ன இருக்கு? படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அத்தனை பேரும் என்ன செஞ்சாங்க?"

அண்ணிக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. "கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தவில்லை. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்."

கடைக்குட்டி நேராக அம்மாவிடம் போனாள். பையைப் பற்றிச் சொன்னாள். நிஜ ஒன்பதாவதையும் சொன்னாள். அம்மா படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"திரும்பிக்கூடப் பாக்கலியா?"

"பாக்கலியாம்."

"ஒருத்தனுமா?"

"ஒருத்தனும்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போய் வேலையப் பாரு" என்றாள். கடைக்குட்டிக்கு அம்மா மேல் வெறுப்பே வந்துவிட்டது.

மறுநாள் மதியம் அச்சக முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை. நிறையப் புத்தகம் அச்சடித்து, ஒன்றையும் படிக்க நேரமில்லாமல் போனவர். முன்னறையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். அம்மா, நர்ஸம்மா, கடைக்குட்டி மூவரும் தாள் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியை வர வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். நடுக்கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் அவள் நிற்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தப்பு எல்லா எடத்துலயும் நடக்கும் தம்பி" என்றார் முதலாளி. "ஆனா வேலை நேரத்துல கதை படிச்சா நடக்காம என்ன செய்யும்? அந்தப் பொண்ண வேலைல விடாதீங்க. இந்தப் படிப்பை நிறுத்துங்க. அப்படீன்னா அடுத்த வேலையும் உங்களுக்கே தர்றேன். இல்லேன்னா நான் வேற எடம் பாக்கணும்."

அண்ணன் தலை குனிந்தபடி இருந்தான். "சரிங்க" என்றான். "அவ இனிமே..."

கதவு திறந்தது.

அண்ணி நின்றாள். கையில் அந்தப் பை. வாசலுக்குப் போக அந்த அறையைக் கடந்துதான் போக வேண்டும். அவள் யாரையும் பார்க்கவில்லை. யாரும் தன்னைப் பார்க்க மாட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டு வந்தவள் போல வாசலை மட்டும் பார்த்தாள். 

அம்மாவுக்கு முட்டி வலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். பெரிய மனிதர்கள் வந்தாலும் உட்கார்ந்தபடியே வணக்கம் சொல்கிறவள். அந்த அம்மா தாள் கட்டின் மேல் கையை ஊன்றினாள். கட்டு சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே எழுந்து, நிமிர்ந்து நின்றாள்.

அவள் ஏன் நிற்கிறாள் என்று கடைக்குட்டிக்கு ஒரு கணம் கழித்துத்தான் விளங்கியது. துள்ளி எழுந்தாள். நர்ஸம்மா அதற்கு முன்பே எழுந்துவிட்டிருந்தாள். மூன்று பெண்களும் நிற்பதை அண்ணன் பார்த்தான். அவனுக்கும் அந்த வரி தெரியும். எண்ணெய் போட்டுக்கொண்டே கேட்ட வரிதானே? ஸ்டூல் பின்னால் விழ, எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று நினைத்து, எதற்கென்றே தெரியாமல் அச்சக முதலாளியும் எழுந்தார்.

அண்ணியின் கையிலிருந்து பை நழுவியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அம்மாவிடம் வந்ததும் பார்வை அங்கேயே நின்றது.

"உக்காரச் சொல்லும்மா" என்றாள் அம்மா. "முட்டி வலிக்குது."

அண்ணி சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. இரண்டும்தான். "எல்லாரும் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். அண்ணன் மட்டும் நின்றுகொண்டே இருந்தான்.

"அவசரப்படுத்தினது நான் ஐயா" என்றாள் அம்மா முதலாளியிடம். "இவ இன்னொரு கட்டப் பிரிச்சுப் பாக்கலாம்னா. நான்தான் விடல. நேத்தே சொல்லியிருக்கணும். வாய் வரல."

"நானும் கேட்டேன்" என்றான் அண்ணன். முதலாளியிடம் சொல்வது போல அண்ணியிடம் சொன்னான். "தினமும்தான் கேட்டேன்."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் தெளிந்துவிட்டது. "ஐயா, பிரிச்சா அட்டை கிழிஞ்சுடும், அத மட்டும் திரும்ப அச்சடிச்சுக் குடுங்க. மீதிய நாங்க பிரிச்சு, ஒன்பதாவத மாத்தித் தெச்சுத் தர்றோம். இனிமே அடுக்கும்போது வாய் திறக்க மாட்டோம். ஆனா மடிக்கும்போது வாசிப்போம். அது நிக்காது. இதுக்கு ஒத்துக்கிட்டா எங்களுக்கு வேலை குடுங்க."

"அதான் மருமக சொல்லிட்டாளே" என்றாள் அம்மா.

அச்சக முதலாளி திறந்திருந்த கதவு வழியாக மேசையைப் பார்த்தார், சரிந்து கிடந்த தாள் கட்டைப் பார்த்தார். அவர் சீட்டு மழையில் கரைந்துபோனது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "அட்டை அனுப்பறேன்" என்றார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "நீங்க எல்லாரும் எதுக்கு எழுந்து நின்னீங்க?"

"உக்காருங்க, சொல்றோம்" என்றாள் நர்ஸம்மா. அவருக்கு எட்டாவது ஃபாரத்திலிருந்து வாசித்துக் காட்டினார்கள். அவர் அச்சடித்த புத்தகங்களில் அவர் காது கொடுத்துக் கேட்டது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிரித்துக் கட்டுகிற வேலை லேசுப்பட்டது இல்லை. நூலை அறுத்து, பசையைச் சுரண்டி, ராணியம்மாவை வெளியே எடுத்து, மூத்தவளை உள்ளே வைத்துத் தைத்து, ஓரத்தைத் திரும்பவும் வெட்டினார்கள். அதனால் புத்தகம் சற்றுக் குள்ளமாகிவிட்டது. ராணியம்மாவும் பத்திரமாகத் தன் கோட்டைக்குத் திரும்பிச் சேர்ந்தாள். கடைக்குப் போன கட்டுகளில் வந்தது பாதிதான். மீதியை வாங்கியவர்கள் யாரும் திருப்பித் தரவில்லை. அந்த வீடுகளில் மூத்தவள் குதிரை ஏறிப் போனது போனதுதான்.

நிஜ ஒன்பதாவதை அண்ணி வாசித்தபோது மூவரும் அழுதார்கள். பத்தாவதில் மூத்தவள் வேற்றூரில் தையல் கற்றாள். பதினொன்றில் தனக்கென்று ஒரு வீடு பார்த்தாள், ஜன்னல் வைத்த வீடு.

"போனவ நல்லாத்தான் இருக்கா" என்றாள் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு. "திரும்பிப் பாக்காதவனுங்க என்ன ஆனானுங்களோ!"

கடைசியாக ஒரே ஒரு தப்புப் பிரதி மிச்சம் இருந்தது. நர்ஸம்மா புடவைக்குள் ஒளித்துக் கொண்டுபோன பிரதி. அண்ணி அதைப் பிரிக்க எடுத்தபோது அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "இதைப் பிரிக்க வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்." எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் அடிக்கடி எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள். அந்தப் பக்கத்தின் ஓரம் பழுத்துப் போயிருக்கிறது.

அம்மா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. நர்ஸம்மாவும் இல்லை. அண்ணன் கடைசி வரைக்கும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணிக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. மாதத்தில் சில நாள் கடைக்குட்டி வீட்டுக்கு வந்து தங்குவாள். கடைக்குட்டி வாசிப்பாள், அண்ணி கேட்பாள். ராணி, டாக்டர், சிறைக்குப் போனவள், கப்பல் ஏறினவள் என்று எந்தக் காலத்துப் பெண்ணானாலும் சரிதான்.

நேற்றும் வந்தாள். கதவைத் தடவித் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கடைக்குட்டி கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள். அவளுக்கும் இப்போது முட்டி வலி. எழும்போது முனகல் வந்தது. அம்மாவின் முனகல் அப்படியே வந்தது. மருமகள் எதுவும் புரியாமல் பார்த்தாள், மாமியார் நிற்கிறாளே என்று தானும் எழுந்து நின்றாள்.

கண் தெரியாவிட்டாலும் அண்ணிக்குக் காது கூர்மை. நாற்காலி நகர்ந்த சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்று கொஞ்சம் சிரித்தாள்.

"உக்காருங்கடி" என்றாள். "எது வரைக்கும் படிச்சீங்க?"